இராமானுஜமும் எப். ஏ. தேர்வும்

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். ஆங்கே களிமண்ணைப் பதப்படுத்தி, அச்சில் வார்த்து, உலர்த்தி, சூளையில் அடுக்குவர். சூளை ஆறிய பின்னர் அதன் வாயைத் திறந்து பார்க்கும் வேளையே தொழிலாளர்க்குச் சோதனையான வேளையாகும். செவ்வனே வெந்த கலங்கள் ஒருபுறம் சேரும். வெடித்தனவும் கோணியனவும் மறுபுறம் குவியும். கைதேர்ந்த தொழிலாளி அக்குவியலை வாளா எறிந்துவிடுவதில்லை. வெடித்த கலம் ஒன்றைக் கையில் எடுத்து, இது மண்ணின் குற்றமா, நெருப்பின் குற்றமா, அடுக்கினவன் குற்றமா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பான். மாணவர் எழுதும் தேர்வும் ஒருவகைச் சூளையே. ஆனால் தேர்வு முடிவுப் பட்டியலில் தேறியவர் எண்கள் மட்டுமே காணப்படும். தேறாதவர் ஏன் தேறவில்லை என்பதை அப்பட்டியல் உரைப்பதில்லை. அதனை ஆராயும் பொறுப்பு, தேறாதவனையே சாரும்.

சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய எப். ஏ. தேர்வில் 1906ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஒருமுறையும், அதற்கு அடுத்த ஆண்டில் மற்றொரு முறையும் அவ்வாறு தேறாது நின்றவருள் ஒருவர் கும்பகோணம் சீனிவாச இராமானுஜம். அக்காலத்தில் எப். ஏ. தேர்வே பட்டப் படிப்புக்கு நுழைவாயிலாக இருந்தது. மெட்ரிகுலேஷன் தேறியோர் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் பயின்று அதனை எழுதுவர். அதில் வெற்றி பெற்றவரே பி. ஏ. வகுப்பிற் சேரலாம். ஒரு பாடத்தில் மலையளவு மதிப்பெண் பெற்றாலும், மற்றொரு பாடத்தில் குறைவுபட்டால் முழுத் தேர்விலும் தோல்வியே. இராமானுஜம் கணிதத்தில் தேறினார்; ஏனைய பாடங்களில் தேறவில்லை. இரண்டாம் முறை தோற்றபொழுது அவருக்கு வயது இருபது. பின்னாளில் அவர் உலகம் வியக்கும் கணித மேதையாக விளங்கினார் என்பதை இன்று நாம் அறிவோம். ஆனால் அன்று அதனை அவர் அறியார். அவர்தம் பெற்றோரும் அறியார்.

இராமானுஜம் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில், தம் தாயைப் பெற்ற பாட்டியின் இல்லத்திற் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கர். அவர் பெற்ற ஊதியம் திங்களுக்கு ஏறத்தாழ இருபது ரூபாயே. தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பாடும் இசைப் பயிற்சி உடையவர். சாரங்கபாணி கோயில் சந்நிதித் தெருவில் அவர்கள் வாழ்ந்த சிறிய வீடு இன்றும் உள்ளது. குழந்தைப் பருவத்திலேயே பெரியம்மை கண்டும் இராமானுஜம் உயிர் பிழைத்தார்.

பள்ளிப் பருவத்தில் தோல்வி என்பதே அவர்க்குத் தெரியாது. 1897ஆம் ஆண்டு நடந்த தொடக்கநிலைத் தேர்வில் அவர் தஞ்சை மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறினார். அத்தேர்வில் கணக்கு மட்டுமன்று, ஆங்கிலமும் தமிழும் பூகோளமும் இருந்தன என்பது கருதத்தக்கது. ஆங்கிலம் வாராத மாணவர் என்றோ, பிற பாடங்களைக் கற்க இயலாதவர் என்றோ அவரை எவரும் கூறுதற்கு இடமில்லை. கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியிற் பயின்ற காலத்தில் லோனி என்பார் எழுதிய திரிகோண கணித நூலைத் தாமே கற்றுத் தேர்ந்தார். 1904ஆம் ஆண்டு பள்ளியை விட்டு நீங்கும்பொழுது கணிதத்துக்கு உரிய பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், இம்மாணவர்க்கு முழு மதிப்பெண்ணும் போதாது என்று அவையோர் முன்னிலையிற் பாராட்டினார்.

இதற்கு ஓராண்டுக்கு முன்பு ஒரு நூல் அவர் கைக்கு வந்தது. அந்நூலே அவர் வாழ்க்கையைத் திருப்பியது. ஜார்ஜ் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித முடிபுகளின் திரட்டு அது. ஏறத்தாழ ஐயாயிரம் முடிபுகள் வரிசையாக அதில் அடுக்கப்பட்டிருந்தன. நிறுவும் முறைகள் மிகச் சிலவே. இந்நூலைப் பற்றிப் பலரும் கூறாது விடும் செய்தி ஒன்று உண்டு. கார் என்பவர் கேம்பிரிட்ஜ்த் தேர்வுக்கு மாணவர்களைப் பயிற்றிய தனியாசிரியர். அப்பயிற்சிக்காகத் தாம் எழுதி வைத்த குறிப்புகளையே நூலாகத் தொகுத்தார். ஒரு தேர்வில் வெற்றி பெறுவதற்கென்று தோன்றிய அந்நூல், கும்பகோணத்து இளைஞர் ஒருவரை மற்றொரு தேர்வில் தோல்வியுறச் செய்தது. அதில் உள்ள முடிபுகளை ஒவ்வொன்றாகத் தாமே நிறுவிப் பார்ப்பதிலும், அவற்றைக் கடந்து புதிய முடிபுகளைக் காண்பதிலும் இராமானுஜம் தம்மை மறந்தார்.

கும்பகோணம் அரசினர் கல்லூரி அக்காலத்தில் தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று சிறப்பிக்கப்பெற்றது. 1904ஆம் ஆண்டில் உதவித்தொகையுடன் அக்கல்லூரியில் இராமானுஜம் சேர்ந்தார். ஆங்கிலம், உடலியல், கிரேக்க உரோம வரலாறு முதலிய பாடங்கள் அங்கு இருந்தன. ஆசிரியர் உரோமப் பேரரசின் போர்களை விரித்துரைக்கும்பொழுது, மாணவர் இராமானுஜம் தம் ஏட்டில் எண்களை எழுதிக்கொண்டிருந்தார். உடல் வகுப்பறையில் இருந்தது. உள்ளம் அங்கு இல்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் அவர் தோல்வியுற்றார்; உதவித்தொகை நிறுத்தப்பட்டது.

உதவித்தொகையை இழந்தது பெருமைக் குறைவு மட்டுமன்று. ஒரு பருவத்துக்குக் கல்லூரிக் கட்டணம் முப்பத்திரண்டு ரூபாய். அது தந்தையாரின் ஒன்றரைத் திங்கள் ஊதியத்துக்கும் மிகுதி. தாயார் கோமளத்தம்மாள் கல்லூரி முதல்வரை நேரிற் கண்டு முறையிட்டார். தம் மகன் கணிதத்தில் நிகரற்றவன் என்று அவர் வாதாடியிருத்தல் கூடும். முதல்வர் பரிவுடன் கேட்டாரேனும் விதியைத் தளர்த்தவில்லை. விதி எல்லாருக்கும் ஒன்றுதானே! அதனை ஒருவர் பொருட்டுத் தளர்த்தாமையைக் குற்றம் என்று எளிதிற் கூறிவிடல் ஆகாது. ஆயினும் தகுதி மிக்க ஒருவரை வெளியே நிறுத்தும் விதியைக் குறையற்றது என்று கொள்ளலும் ஆகாது.

சில திங்கள் இராமானுஜம் எவ்வாறோ கல்லூரிக்குச் சென்று வந்தார். வருகைக் கணக்கும் குறைந்தது; மனமும் தளர்ந்தது. 1905ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒருநாள் எவர்க்கும் உரையாமல் வீட்டை விட்டு வெளியேறி, வடக்கே நெடுந்தொலைவில் உள்ள விசாகப்பட்டினத்துக்குச் சென்றுவிட்டார். பதினேழு வயது மகனைக் காணாத பெற்றோர் நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டுத் தேடினர். அவர் மீண்டு வந்தார். போன காரணத்தை அவர் விரித்துக் கூறியதாகத் தெரியவில்லை. தோல்வி என்னும் சொல்லை வீட்டார் முன்னும் தெருவார் முன்னும் சுமந்து நிற்க மாட்டாமல், ஊரையே விட்டு ஓடுதல் இளமையின் பேதைமை. அந்த ஓட்டத்தால் அவர் பெற்றது ஒன்றும் இல்லை. ஓராண்டு கழிந்தது, பெற்றோர் நெஞ்சம் புண்பட்டது, அவ்வளவே.

மறுமுறை அவர் ஓடவில்லை, மீண்டும் முயன்றார். 1906ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். கணித ஆசிரியர்கள் அவர் திறத்தைக் கண்டு மகிழ்ந்தனர். ஆனால் உடலியல் என்னும் பாடம் அவருக்கு வேம்பாய்க் கசந்தது. செரிமான உறுப்புகளைப் பற்றிய ஒரு வினாவுக்கு, அப்பகுதி தமக்குச் செரிக்கவில்லை என்னும் பொருள்பட எழுதி வைத்தார் என்று கூறுவர். இதனைக் கேட்போர் நகைப்பர். ஆனால் விடைத்தாளில் நகைச்சுவைக்கு மதிப்பெண் இல்லை. இடையே வயிற்று நோயுற்று அவர் ஊர் திரும்பவும் நேர்ந்தது. அவ்வாண்டு இறுதியில் தேர்வெழுதித் தோற்றார். கல்லூரியிற் சேராமல், 1907ஆம் ஆண்டில் தனித்து எழுதினார், மீண்டும் தோற்றார்.

இங்கே நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். இராமானுஜத்தின் வரலாற்றை உரைப்போர் பலர், தேர்வு பயனற்றது என்பதற்கு இவ்வரலாற்றைச் சான்றாகக் காட்டுவர். அவர் கூற்றில் பாதியே உண்மை. அத்தேர்வு இராமானுஜத்தின் அறிவை அளக்கவில்லை என்பது மெய்யே. பிரெஞ்சு நாட்டுக் கணித மேதை கலுவா, 1828ஆம் ஆண்டிலும் 1829ஆம் ஆண்டிலும் பாரிசு நகரப் பொறியியற் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் இருமுறை தோற்றவர்; அவர் அறிவையும் அத்தேர்வு அளந்ததில்லை. ஆயினும் தேர்வில் தோற்றமையால் இராமானுஜம் எய்திய இழப்பு சிறிதன்று. நூலகம் இல்லை, வழிகாட்டும் ஆசிரியர் இல்லை, தம்மொடு ஒத்த மாணவரும் இல்லை. ஐரோப்பாவில் நூறாண்டுக்கு முன்பே கண்டறியப்பட்ட பல முடிபுகளை, அவை அறியப்பட்டவை என்பதே தெரியாமல், தனியே இருந்து மீண்டும் கண்டுபிடிப்பதில் அவர்தம் இளமை கழிந்தது. பதினெட்டு வயது முதல் இருபத்தைந்து வயது வரை அவர் இழந்த ஆண்டுகளே பேரிழப்பு என்று பின்னாளில் அவர்தம் நண்பர் ஹார்டி வருந்தினார். தோல்வியே மேதையை உருவாக்கிற்று என்று உரைப்பவர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

அவ்வாறாயின் தோல்வியிலிருந்து இராமானுஜம் கற்றது யாது? மூன்றாம் முறையாக அதே கதவை அவர் தட்டவில்லை. கணிதத்தை விடவும் இல்லை. கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, மடிமீது பலகையை வைத்துக்கொண்டு, எழுதுவதும் முழங்கையால் அழிப்பதுமாக அவர் நாள்கள் சென்றன. தாள் வாங்கப் பொருள் இல்லாமையால் வழிமுறைகள் எல்லாம் பலகையிலேயே அழிந்துபோயின. முடிபுகள் மட்டும் குறிப்பேட்டில் ஏறின. சில மாணவர்க்குத் தனியே பாடம் கற்பித்துப் பொருளீட்ட முயன்றார். பாடத்திட்டத்தில் நில்லாது வானளாவப் பறந்த அவர்தம் கற்பிப்பு, தேர்வை நோக்கியிருந்த மாணவர்க்கு ஏற்கவில்லை. 1909ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜானகி என்னும் சிறுமியை அவர்க்கு மணம் முடித்தனர். மறு ஆண்டு தொடக்கத்தில் ஓர் அறுவை மருத்துவம் வேண்டியிருந்தது. வீட்டிற் பணம் இல்லை. மருத்துவர் ஒருவர் ஊதியம் பெறாமல் அதனைச் செய்து உதவினார்.

உடல் தேறியதும் இராமானுஜம் குறிப்பேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். இஃது 1905ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஓட்டம் போன்றதன்று. அன்று தம்மை எவரும் காணாத இடத்தைத் தேடிச் சென்றார். இன்று தம் எழுத்தைக் காணவல்லவரைத் தேடிச் சென்றார். தேர்வாளர் காண முடியாததைக் காணும் கண்ணுடையவர் எங்கேனும் இருப்பார்; அவரை நாமே நாடிச் செல்லுதல் வேண்டும் என்பதனை அவர் உணர்ந்துவிட்டார்.

1907ஆம் ஆண்டில், அதாவது இராமானுஜம் இரண்டாம் முறை தோற்ற அதே ஆண்டில், இந்தியக் கணிதக் கழகம் தோன்றியிருந்தது. அதனை நிறுவிய வ. இராமசாமி ஐயர் 1910ஆம் ஆண்டில் திருக்கோவலூரில் துணைக் கலெக்டராகப் பணியாற்றினார். அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டம் பரந்த மாவட்டம். மேலே கூறிய விருத்தாசலமும், பெண்ணையாற்றங்கரையில் உள்ள திருக்கோவலூரும் அதில் அடங்கியவை. முன்பின் அறியாத அவ்வூருக்குச் சென்று, முன்பின் அறியாத அப்பெரியவரைக் கண்டு, தாலுகா அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை வேண்டும் என்று இராமானுஜம் கேட்டார். தகுதிச் சான்றாக அவர் நீட்டியது குறிப்பேடு ஒன்றே. இராமசாமி ஐயர் அதனைப் புரட்டினார். வேலை தரவில்லை! இத்தகைய அறிவுடையாரை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் அமர்த்தி முடக்குதல் தகாது என்று கருதினார். சென்னையில் உள்ள தம் நண்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் எழுதிக் கொடுத்து அனுப்பினார். அவர் கேட்டதைக் கொடுத்திருந்தால் அந்த உதவி சிறிய உதவியாகப் போயிருக்கும்.

அக்கடிதங்களின் வழியே, கும்பகோணத்தில் முன்னர்த் தமக்கு ஆசிரியராய் இருந்த சேஷு ஐயரை இராமானுஜம் சென்னையிற் கண்டார். அவர் வழியே நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவைக் கண்டார். இராமச்சந்திர ராவ் தாமும் கணிதம் வல்லவர். குள்ளமாய்ப் பருத்து, முகம் மழியாது, ஒளிமிக்க கண்களுடன் கிழிந்த ஏடுகளை ஏந்தி வந்த இளைஞரைக் கண்டதும் அவருக்கு ஐயமே உண்டாயிற்று. இவை இவருடைய சொந்த முடிபுகளா, எங்கேனும் பார்த்து எழுதியவையா? இராமானுஜம் சினவாமல் மீண்டும் மீண்டும் சென்றார். எளியனவற்றிலிருந்து அரியனவற்றுக்குப் படிப்படியாக விளக்கினார். இறுதியில் ராவின் ஐயம் அகன்றது. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, உண்டு உயிர் வாழ்ந்து ஆராய்ச்சி செய்வதற்குச் சிறு பொருள் போதும் என்று இராமானுஜம் விடையளித்தார். திங்கள்தோறும் இருபத்தைந்து ரூபாய் தம் கையிலிருந்தே ராவ் அளித்து வந்தார்.

1911ஆம் ஆண்டில் கணிதக் கழகத்தின் இதழில் இராமானுஜத்தின் முதற் கட்டுரை வெளிவந்தது. அது வெளிவந்த வரலாறு மாணவர் அறியத் தக்கது. பெங்களூரில் இருந்த அவ்விதழின் ஆசிரியர், கட்டுரையின் போக்கைப் பிறர் பின்பற்ற இயலவில்லை என்று திருப்பி அனுப்பினார், இராமானுஜம் திருத்தி அனுப்பினார், மீண்டும் திரும்பியது, மீண்டும் திருத்தினார். தமக்கு வெளிப்படையாகத் தோன்றுவது பிறர்க்கும் வெளிப்படையாகத் தோன்றும் என்று எண்ணுதல் மேதைகளின் குறை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் அவர் கல்லாது விட்ட பாடத்தை, படிப்போன் ஒருவனை மனத்திற்கொண்டு எழுதும் அப்பாடத்தை, இங்கே அவர் கற்கத் தொடங்கினார்.

அதே இதழில் அவர் வினாக்களையும் விடுத்தார். அவற்றுள் ஒன்று வருமாறு: மூன்றின் மடங்காக ஒரு வர்க்கமூலம், அதனுள் நான்கின் மடங்காக மற்றொன்று, அதனுள் ஐந்தின் மடங்காக வேறொன்று, இவ்வாறு ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கூட்டி முடிவின்றி உள்ளே செல்லும் அடுக்கினை இரண்டால் பெருக்கி, ஒன்று கூட்டி, அதன் வர்க்கமூலத்தைக் கண்டால் வரும் எண் யாது? ஆறு திங்கள் கழிந்து மூன்று இதழ்கள் வெளிவந்தும் எவரும் விடை அனுப்பவில்லை. விடை மூன்று என்பதை இராமானுஜமே வெளியிட்டார். எப். ஏ. தேறாதவர் வினா விடுத்தார். பட்டம் பெற்றோர் விடையின்றி இருந்தனர்.

பிறர் பொருளில் நெடுநாள் வாழ அவர் விரும்பவில்லை. 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் திங்களுக்கு முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அவ்வேலைக்கு அவர் விடுத்த விண்ணப்பத்தில், தாம் எப். ஏ. வரை படித்ததாகவும், சில இடையூறுகளால் மேலே படிக்க இயலவில்லை என்றும் எழுதினார். தோல்வி என்னும் சொல்லை அவர் கை எழுதக் கூசிற்றுப் போலும். துறைமுகத்தின் தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் இவர்பால் அன்பு பூண்டார். வேலை முடிந்த வேளைகளில் மேலதிகாரியும் எழுத்தரும் எதிரெதிரே அமர்ந்து பலகையில் கணக்கிட்டுக்கொண்டிருந்தனர்.

1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் இராமானுஜம் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்னும் கணிதப் பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார். முன்னரே வேறு ஆங்கிலப் பேராசிரியர் இருவருக்கு எழுதிப் பயன் காணவில்லை. இக்கடிதத்தில் தம்மைப் பற்றி அவர் கூறிய செய்தி மிகச் சிறிது. ஆனால் அதில் மறைப்பு இல்லை. பல்கலைக்கழகக் கல்வி தமக்கு இல்லை. பள்ளிக் கல்வி மட்டுமே உண்டு. துறைமுகத்தில் குறைந்த ஊதியம் பெறும் எழுத்தர். ஓய்வு நேரத்தில் கணிதத்தில் தமக்கெனப் புதுவழி ஒன்றை வகுத்துச் செல்பவர். ஓராண்டுக்கு முன் இடையூறுகள் என்று பூசி எழுதிய அதே கை, இப்பொழுது உள்ளதை உள்ளவாறு எழுதிற்று. நண்பர்கள் ஆங்கில நடையைச் செப்பம் செய்ய உதவினர் என்பர். எந்த மொழியின் கட்டுரைத் தாள் அவர்தம் உதவித்தொகையைப் பறித்ததோ, அந்த மொழியே கடல் கடந்து அவரை எடுத்துச் செல்ல வேண்டியதாயிற்று.

கடிதத்துடன் நூற்றுக்கு மேற்பட்ட முடிபுகள் இணைக்கப்பட்டிருந்தன. ஹார்டியும் அவர்தம் நண்பர் லிட்டில்வுட்டும் அவற்றை ஆராய்ந்தனர். சில அறிந்தவை, சில பிழையானவை, வேறு சில அவர்கள் கனவிலும் கண்டிராதவை. இத்தகைய முடிபுகளைப் பொய்யாகப் புனைந்துரைக்கும் ஆற்றல் எவர்க்கும் இருத்தல் அரிது. ஆகவே இவை மெய்யாகவே இருத்தல் வேண்டும் என்று ஹார்டி முடிவு செய்தார். ஹார்டியும் தேர்வின் கசப்பை அறிந்தவர் என்பது நினைக்கத்தக்கது. 1898ஆம் ஆண்டுக் கேம்பிரிட்ஜ்க் கணிதத் தேர்வில் முதலிடத்தை எதிர்பார்த்த அவருக்கு நான்காம் இடமே கிடைத்தது. மாணவரை ஒன்று, இரண்டு என வரிசைப்படுத்தும் அம்முறையை எதிர்த்து அவர் போராடினார். அவ்வரிசைப் பட்டியல் 1909ஆம் ஆண்டோடு நின்றது. நான்காம் இடத்துக்கே வருந்தியவர், இடமே பெறாதவரின் கடிதத்தைப் பிரித்துப் படித்தார்.

ஹார்டியின் மறுமொழி வந்ததும் சென்னையில் காரியங்கள் விரைந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவித்தொகை எம். ஏ. பட்டம் பெற்றோர்க்கே உரியது. இராமானுஜத்துக்கோ பி. ஏ. வகுப்பின் வாயிலே திறக்கவில்லை. எனினும் கணிதப் பாடக்குழு பரிந்துரைத்தது. ஆட்சிக் குழு விவாதித்து இசைந்தது. 1913ஆம் ஆண்டு மே முதல் நாளிலிருந்து திங்களுக்கு எழுபத்தைந்து ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. இருமுறை அவரைத் தேறாதவர் என்று அறிவித்த பல்கலைக்கழகமே, அவர்பொருட்டுத் தன் விதியை வளைத்துக்கொண்டது. இஃது அப்பல்கலைக்கழகத்துக்கு இழுக்கன்று, பெருமையே ஆகும்.

1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் கப்பலேறிய இராமானுஜம் ஏப்ரலில் இங்கிலாந்தை அடைந்தார். சேர்க்கைக்கு உரிய தகுதி இல்லாதிருந்தும் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகம் அவரை ஆராய்ச்சி மாணவராக ஏற்றுக்கொண்டது. அங்கே அவர் மீண்டும் மாணவராயினார். பகா எண்களைப் பற்றி அவர் எழுதி அனுப்பியவற்றுள் சில பிழையானவை என்பதை ஹார்டி எடுத்துக் காட்டினார். முடிபு கூறுதல் மட்டும் போதாது, அதனை ஐயமற நிறுவுதலும் வேண்டும் என்பதை அவர் ஏற்றுக் கற்றார். 1915ஆம் ஆண்டில் எண்களின் வகுத்திகளைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். பன்னிரண்டு என்னும் எண்ணை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, பன்னிரண்டு ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். அதற்குக் கீழ்ப்பட்ட எந்த எண்ணுக்கும் அத்தனை வகுத்திகள் இல்லை. இவ்வாறு தமக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் வகுத்திகளால் விஞ்சும் எண்களின் இயல்பை அக்கட்டுரை ஆராய்ந்தது. அதன் சிறப்புக்காக 1916ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சி வழிப் பி. ஏ. பட்டம் வழங்கியது. கும்பகோணத்தில் கைக்கு எட்டாத இரண்டு எழுத்துகள் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து அவர் பெயரின்பின் வந்து சேர்ந்தன.

1917ஆம் ஆண்டில் திரினிட்டிக் கல்லூரி உறுப்பினர் பதவிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபொழுது அது கிடைக்கவில்லை. அவ்வாண்டு நோயும் அவரைப் பற்றியது. அடுத்த ஆண்டு இராயல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அக்டோபரில் திரினிட்டிக் கல்லூரியும் தேர்ந்தெடுத்தது. அக்கல்லூரியில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. மருத்துவமனையிற் கிடந்தபொழுது வாடகை வண்டியின் எண்ணைப் பற்றி அவர் கூறிய செய்தி மாணவர் பலரும் அறிந்தது. அதனை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை.

1919ஆம் ஆண்டு மார்ச்சில் அவர் தாயகம் திரும்பினார். நோய் தணியவில்லை. படுக்கையில் இருந்தும் பலகை கையை விட்டு நீங்கவில்லை. 1920ஆம் ஆண்டு ஜனவரியில், தாம் புதியனவாகக் கண்ட சில கணிதச் சார்புகளைப் பற்றி ஹார்டிக்கு எழுதினார். ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். அப்பொழுது அவர்க்கு வயது முப்பத்திரண்டு. அவர் குறிப்பேடுகளில் உள்ள மூவாயிரத்துக்கு மேற்பட்ட முடிபுகளை நிறுவி வெளியிடும் பணி, இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை நடைபெற்றது. அவர்தம் இறுதிக் கால ஏடுகள் 1976ஆம் ஆண்டில் திரினிட்டிக் கல்லூரி நூலகத்திற் கண்டெடுக்கப்பட்டன.

அவர் இங்கிலாந்தை விட்டுப் புறப்படுமுன் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு இருநூற்றைம்பது பவுன் வழங்க முடிவு செய்திருந்தது. 1919ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், நோய்ப் படுக்கையிலிருந்து, அப்பல்கலைக்கழகத்தின் பதிவாளர்க்கு இராமானுஜம் நன்றி தெரிவித்து ஒரு கடிதம் எழுதினார். அத்தொகை தம் தேவைக்கு மிகுதி என்று அவர் குறிப்பிட்டார். தம் பெற்றோர்க்கு ஆண்டுக்கு ஐம்பது பவுன் தருமாறும், தம் செலவு போக எஞ்சுவதைக் கல்விக்கு ஆக்குமாறும் வேண்டினார். எதற்கு என்பதையும் அவரே எழுதினார்: ஏழைச் சிறுவர்க்கும் பெற்றோரற்ற பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைப்பதற்கு, பள்ளிகளில் நூல்கள் வாங்கி வைப்பதற்கு.